தேங்காய்ப்பால் டின்னில் புகுந்த வரலாறு

தீபாவளிக்கு முந்தின நாள் காலை சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தேங்காய் துருவும் இயந்திரத்தின் முன் நீண்ட வரிசை நிற்கும். அதே நாளில் பக்கத்துப் பலசரக்குக் கடையில் தேங்காய்ப்பால் டின்கள் கோபுரம்போல் அடுக்கப்பட்டிருக்கும். வரிசையில் நிற்பவர் மாமியாராகவும் டின்னைக் கையில் எடுப்பவர் மருமகளாகவும் இருப்பின், அன்று வீட்டில் ஒரு சிறு வழக்கு நிகழாமல் இராது. “டின் பாலில் மணம் உண்டா?” என்பார் ஒருவர். “துருவிப் பிழிய நேரம் உண்டா?” என்பார் மற்றவர். இவ்வழக்கில் இருபக்கத்து நியாயங்களையும் அறிய வேண்டுமாயின், பாலின் வரலாற்றையும் டின்னின் வரலாற்றையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு திசைகளில் பிறந்து, நெடுங்காலம் கழித்து ஒன்று சேர்ந்தவை. அவை சேர்ந்த கதையில் மலாயாத் தமிழர்க்கும் ஒரு பங்குண்டு.

தென்னை தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும் தெங்கைப் பேசுகின்றன. தெங்கு என்னும் சொல்லோடு காய் என்னும் சொல் சேருங்கால் தேங்காய் என்றாகும் புணர்ச்சிக்கு நன்னூலார் தனியே ஒரு விதி கூறிச் சென்றார். ஒரு காயின் பெயருக்காக இலக்கண ஆசிரியர் தனி விதி வகுக்கின்றார் எனில், அக்காய் அன்றாடம் மக்கள் வாயில் எத்துணை வழங்கியிருத்தல் வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஐரோப்பியர்க்கு இக்காயின் பெயர் கிடைத்த வகை வேறு. ஓட்டில் உள்ள மூன்று கண்களைக் கண்ட போர்ச்சுகீசியர், குழந்தைகளை அச்சுறுத்தும் பூச்சாண்டி முகம் என்று கருதிக் ‘கோக்கோ’ என்றழைத்தனர். நமக்குக் கண்ணாகத் தோன்றியது அவர்களுக்குப் பூச்சாண்டியாகத் தோன்றியிருக்கிறது!

ஆனால் தேங்காயை உண்பது வேறு, தேங்காய்ப்பாலை அடிசிலுக்கு அடிப்படையாகக் கொள்வது வேறு. தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் தேங்காயை அம்மியில் அரைத்துக் குழம்பில் சேர்ப்பதே பெருவழக்கு. பாலைப் பிழிந்து சமைப்பது கடலோரத்திலும் தென்கோடியிலும் மிகுதி. திருநெல்வேலிச் சொதியும் யாழ்ப்பாணச் சொதியும், ஆப்பத்துக்கும் இடியப்பத்துக்கும் துணையாகும் இனிப்புப் பாலும் அவ்வழக்கின் சான்றுகள். யாழ்ப்பாணத்தார் முதலிற் பிழியும் கெட்டிப் பாலை முதற்பால் என்றும், மீண்டும் நீர் விட்டுப் பிழிவதைக் கப்பிப்பால் என்றும் பிரித்துப் பேசுவர். தமிழகத்தில் முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என எண்ணுவர். காய்கறி வேகக் கடைசிப் பால், இறக்குமுன் முதற்பால் என்பது முறை. இம்முறையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கிறேன். டின்னைப் பற்றிய வழக்கு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

மலாய் மக்களிடையே இப்பால் இன்னும் ஆழமாக வேரூன்றியது. ‘சந்தான்’ என்பது அவர்கள் வைத்த பெயர். தேங்காய்ப்பாலிலே வெந்த சோறே ‘நாசி லெமாக்’. ‘லெமாக்’ என்றால் கொழுமை. 1909-இல் வெளிவந்த மலாய் வாழ்க்கை பற்றிய தம் நூலில் வின்ஸ்டெட் என்னும் ஆங்கிலேய அதிகாரி இவ்வுணவைக் குறித்திருக்கிறார். ரெண்டாங், லோடே, செண்டோல், வகைவகையான குவே, ஹைனானியர் காப்பிக் கடைகளில் ரொட்டியில் தடவித் தரும் காயா ஆகிய எதுவும் சந்தான் இன்றி இல்லை. பசையரிசிச் சோற்றால் சந்தான் கெட்டது, வாயால் உடம்பு கெட்டது என்னும் கருத்துப்பட ஒரு மலாய்ப் பழமொழியும் உண்டு. பழமொழியில் ஏறிய பொருள் அடுப்பங்கரையை ஆண்ட பொருள் என்பதில் ஐயமில்லை. மலாய் மொழிக்கு நாம் கறியையும் ஆப்பத்தையும் கடையையும் சொல்லாகத் தந்தோம். அவர்களிடமிருந்து கோழிக்கறியில் தாராளமாகச் சந்தான் ஊற்றும் பழக்கத்தைப் பெற்றோம். ஊரிலிருந்து புதிதாய் வருவோர் நம் வீட்டுக் கறியைச் சுவைத்து, “இது மலேசியக் கறி” என்று சொல்வது இதனால்தான்.

இனிப் பாலைப் பெறும் பாட்டைப் பார்ப்போம். தமிழர்க்குத் துருவுமணை, மலாய்க்காரர்க்குக் ‘குக்கூரான்’. சயாமியர் அக்கருவியை ‘முயல்’ என்றே அழைக்கின்றனர். முயல் வடிவில் அதைச் செதுக்கியதால் வந்த பெயர் அது. எந்த நாட்டில் எந்தப் பெயர் பெற்றாலும் அதன்மேல் அமர்ந்து துருவியவர் பெரும்பாலும் பெண்ணே. என் தாயாரின் வலக்கைப் பெருவிரலில் துருவிப் பல் கிழித்த வடு இறுதிவரை இருந்தது. “ஓடு தெரியும் வரை துருவாதே, பால் கறுக்கும்” என்று அவர் எங்களை எச்சரிப்பார். அது அனுபவ உண்மை. பருப்பின் புறத்தோலாகிய பழுப்புத் தோல் சேர்ந்தால் பாலின் நிறம் மங்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாள் சமையலுக்கு ஒரு காய் என்றால், உடைத்து, துருவி, வெந்நீர் தெளித்து, பிசைந்து, துணியில் இட்டுப் பிழிய முக்கால் மணி நேரமாவது ஆகும். விருந்து நாட்களில் இருபது முப்பது காய்கள். இந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதி வைத்ததில்லை.

அவ்வுழைப்பை முதலிற் குறைத்தது டின் அன்று. சந்தையில் வந்து அமர்ந்த துருவும் இயந்திரமே அது. காயை உடைத்து மின்விசையாற் சுழலும் பற்களுக்கு எதிரே பிடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் துருவல் விழும். துருவிய பின் பிழிந்தும் தருவதற்கு வேறோர் இயந்திரம் வந்தது. தேங்காய்க் கடைக்காரரிடம் “கறிக்கா, பலகாரத்துக்கா?” என்னும் கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். கறிக்கெனின் தோலோடு, பலகாரத்துக்கெனின் தோல் நீக்கி. இக்கடைகள் இன்றும் சிங்கப்பூர் ஈரச் சந்தைகளிலும் மலேசியச் சந்தைகளிலும் உள்ளன.

வெள்ளீயத்தின் பயணம்

டின்னின் கதை பிரான்சில் தொடங்குகிறது. நெப்போலியன் காலத்துப் படைகளுக்குக் கெடாத உணவு வேண்டியிருந்தது. நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடிக் கொதிநீரில் வேகவைத்தால் கெடுவதில்லை என்று கண்டு, அரசாங்கத்திடம் 12,000 பிராங்கு பரிசு பெற்று, 1810-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் புட்டிக்குப் பதில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டாற் செய்த குப்பிக்கும் உரிமை பெற்றார். 1813-இல் இலண்டன் நகரின் பெர்மாண்ட்சியில் டாங்கின் என்பாரின் தொழிற்சாலை டின் உணவைப் படைகளுக்கு அனுப்பியது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்பேருக்குத் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டுக்குப் பின்னர். வேடிக்கை என்னவெனில், டின்னைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் உரிமை பதிவானது 1858-இல்தான். அதுவரை உளியும் சுத்தியலும் கொண்டே திறந்தார்கள்.

இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது அதன்மேல் பூசும் வெள்ளீயம். உலகத்துக்கு வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நம் மண்ணிலிருந்துதான். 1840-களில் பேராக்கின் லாரூட்டில் லோங் ஜாபார் காலத்தில் சீனத் தொழிலாளர்கள் ஈயம் எடுக்கத் தொடங்கினர். பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கு உலகின் பெரிய ஈய வயலாயிற்று. 1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், 1890-இல் புலாவ் பிரானித் தீவில் உருக்காலை நடத்தியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஈயத்தைக் கொண்டு செல்லவே மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் திறக்கப்பட்டது. அதை அமைத்தது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை. அதன் பின்னர் நீண்ட இரயில் பாதைகளிலெல்லாம் தமிழர் வியர்வை சிந்தியது யாவரும் அறிந்ததே. இங்கிருந்து கப்பலேறிய வெள்ளீயம் வேல்ஸ் நாட்டுத் தகட்டு ஆலைகளை அடைந்து, டின்னாகி, உள்ளே கெட்டிப்பாலும் மத்தி மீனும் சுமந்து மீண்டும் நம் துறைமுகத்துக்கே வந்து இறங்கியது. 1892-இல் ஆல்பிரெட் குளூவே என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வாணிகத்தின் டின்களில் பிரான்சின் சின்னமான சேவல் பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் அதைச் ‘சாப் ஆயாம்’ என்று அழைக்க, அப்பெயரே ஆயாம் பிராண்ட் என நிலைத்துவிட்டது. அந்நிறுவனம் பிற்காலத்தில் தேங்காய்ப்பாலையும் டின்னில் அடைத்து விற்கலாயிற்று.

தேங்காயும் இங்கேயே விளைந்தது. சிங்கப்பூரின் காத்தோங், கேலாங் கடற்கரைகள் 19-ஆம் நூற்றாண்டில் தென்னந்தோப்புகளாக இருந்தன. முதல் போலீஸ் ஆணையரான தாமஸ் டன்மனுக்கும் அங்கே ஒரு தோப்பு இருந்தது. அவர் பெயரால் வழங்கும் சாலையில் இன்று தென்னையைத் தேடினால் அடுக்குமாடிகளே தென்படும். பேராக்கில் பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் புகழ்பெற்றது. சிறு தோட்டங்கள் மலாய்க்காரர்க்கும், பெருந்தோட்டங்கள் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் உரியனவாக இருந்தன. அப்பெருந்தோட்டங்களில் காய் பறித்து, உரித்து, கொப்பரை உலர்த்தியவர்கள் தமிழர்கள். ஆனால் அக்காலத்துத் தோட்டக்காரரின் நோக்கம் கொப்பரையும் எண்ணெயும்தான். தேங்காயைப் பாலாக்கி விற்கலாம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. தென்னையிலிருந்து தோட்டத் தொழிலாளிக்குத் தாராளமாகக் கிடைத்தது பாலன்று, கள்ளு. அது தனிக் கட்டுரைக்குரியது.

ஆக, டின்னுக்கு வேண்டிய வெள்ளீயமும் இங்கே, அதில் அடைக்க வேண்டிய தேங்காயும் இங்கே, உழைக்கும் கைகளும் இங்கே இருந்தன. ஆயினும் தேங்காய்ப்பால் டின் முதலில் இங்கே பெருகவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம் வேதியியல் சார்ந்தது. பழச்சாற்றைப்போல் தேங்காய்ப்பால் புளிப்புடையதன்று. புளிப்பில்லாத உணவில் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி கொதிநீரின் 100 பாகைச் சூட்டிலும் சாகாது. அழுத்தக் கலத்தில் 120 பாகையளவு சூடேற்ற வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் அத்தகைய கலம் 1874-இல் வந்துவிட்டது. ஆனால் தேங்காய்ப்பாலை அவ்வளவு சூடேற்றினால் அது திரிந்துவிடும். பாலென்று நாம் சொல்வது நீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளையே. அத்துளிகளைச் சுற்றியிருக்கும் புரதம் 80 பாகைக்கு மேல் உறையத் தொடங்கும். உறைந்ததும் எண்ணெய் தனியே, நீர் தனியே பிரியும். சொதியைக் கொதிக்கவிடாதே என்று பாட்டிமார் கூறியதன் உட்பொருள் இதுவே. (ரெண்டாங் சமைப்போர்க்கு அவ்வாறு எண்ணெய் பிரிவதே வேண்டும் என்பது வேறு செய்தி.) ஆகவே, பாலை உயர் அழுத்தத்தில் சிறு துளைகள் வழியே செலுத்தித் துளிகளை மேலும் நுணுக்கி, அவை ஒன்று சேராதபடி ஒரு பசையையும் கலக்கும் வழி பிறந்த பின்னரே டின் பால் சரிப்பட்டது. அந்தப் பசைகளுள் ஒன்று எது தெரியுமா? டின்னின் மேலே ‘குவார்’ என்று எழுதியிருப்பார்கள். அது நம் கொத்தவரை விதையின் பசைதான். இராஜஸ்தானத்தில் பெருவாரியாக விளைவது. கொத்தவரங்காயைப் பொரியலாக மட்டுமே அறிந்த நாம், அதன் விதையைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் காரணம் எளியது. காய் மரத்தில் தொங்கும் ஊரில் டின் யாருக்கு வேண்டும்? டின் வேண்டியிருந்தது காய் இல்லாத ஊர்களுக்கே. 1975-க்குப் பின் வியத்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகளாகச் சென்றோர் அமெரிக்காவிலும் பிரான்சிலும் குடியேறினர். தாய்லாந்து உணவகங்கள் மேலை நகரங்களில் பெருகின. 1983-க்குப் பின் இலண்டனுக்கும் பாரிசுக்கும் டொராண்டோவுக்கும் சென்ற ஈழத் தமிழர் பனிக்காலத்திலும் சொதி வைக்க வேண்டியிருந்தது. இவர்கள் எல்லார்க்கும் கைகொடுத்தது டின். 1976-இல் பதிவான தாய்லாந்துத் தேப்படுங்போர்ன் நிறுவனத்தின் ‘சாவ்கோ’ டின் உலகமெங்கும் சென்றது. அப்பெயருக்குத் ‘தீவுக்காரர்’ என்று பொருள். இலங்கையில் நெஸ்லே நிறுவனம் பாலை மாவாக்கிப் பொட்டலத்தில் விற்றது. இந்தோனேசியாவின் ரியாவ் தோட்டங்களிலிருந்து ‘காரா’ அட்டைப்பெட்டிப் பால் வந்தது.

பின்னர்தான் டின்னும் பெட்டியும் நம் வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தன. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் சிங்கப்பூர் அடுக்குமாடிகளுக்கு ஏறியது. தாய்மார்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்றனர். மலேசியாவில் தென்னந்தோட்டங்களை அழித்துச் செம்பனை நட்டனர். பத்தாங்கட்டை தூரத்தில் காய் கிடைத்தாலும் அதைத் துருவ வீட்டில் ஆள் இல்லை. துருவுமணை பழைய சாமான்களோடு சேர்ந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது, கிந்தாவின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இன்று நாம் வாங்கும் டின் பெரும்பாலும் எஃகு. வெள்ளீயம் மெல்லிய பூச்சளவே. உட்புறத்தில் அரக்குப் போன்ற வேறொரு பூச்சும் உண்டு. உள்ளே இருக்கும் பாலோ பெரும்பாலும் தாய்லாந்துக்கோ இந்தோனேசியாவுக்கோ உரியது. 2025-இன் தொடக்கத்தில் இந்தோனேசிய வரத்துக் குறைந்து மலேசியாவில் தேங்காய்த் தட்டுப்பாடு ஏற்பட்டு, விலை ஏறியபோது, ஒரு காலத்தில் கொப்பரையைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்த நாடு இதுதானா என்று முதியோர் வியந்தனர். இதைக் குறைகூறி எழுதுவோர் டின்னின்மேல் பழி போடுகின்றனர். என் கருத்து வேறு. டின் வந்து தென்னையை அழிக்கவில்லை. தென்னை அழிந்த பின் விட்ட இடத்தைத்தான் டின் நிரப்பியது. துருவுமணையை ஒழித்ததும் டின் அன்று. அதன்மேல் அமர்ந்திருந்த பெண்களுக்கு வேறு வேலை கிடைத்ததுதான் காரணம். அதற்காக வருந்த என்ன இருக்கிறது?

வாங்குவதும் வைப்பதும்

எனினும் டின்னைப் பயன்படுத்தத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். முதன்முதலில் டின் வாங்கிய காலத்தில் என் வீட்டில் முழு டின்னையும் சொதியில் ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோம். மேலே எண்ணெயும் கீழே நீருமாய் நின்ற அந்தச் சொதியை இடியப்பம் மறுத்துவிட்டது. குற்றம் டின்னுடையதன்று. முதற்பாலையும் கடைசிப் பாலையும் பிரித்தறியாத எங்களுடையதே.

புதிதாய் நீர்விடாமற் பிழிந்த முதற்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். உலக உணவு நெறிக் குழு 2003-இல் வகுத்த அளவின்படி, ‘தேங்காய்ப்பால்’ என்று பெயரிட்டு விற்கக் குறைந்தது 10 விழுக்காடு கொழுப்பு இருந்தாற் போதும். ‘கிரீம்’ என்று எழுத 20 விழுக்காடு வேண்டும். ‘லைட்’ என்பதற்கு 5 விழுக்காடே. ஆகவே கிரீம் என்பது நம் முதற்பாலுக்கு நெருங்கியது, லைட் என்பது இரண்டாம் பாலுக்கும் கீழானது, வெறும் ‘தேங்காய்ப்பால்’ இடைப்பட்டது. லைட் டின்னை வாங்கி நீர் சேர்ப்பவர் நீருக்கே விலை கொடுக்கிறார். டின்னின் முன்புறப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிக்க வேண்டும். தேங்காய்ச் சாறு எத்தனை விழுக்காடு, கொழுப்பு எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கும்.

400 மில்லிலிட்டர் டின் ஒன்று நடுத்தரக் காய் ஒன்றின் வேலையைச் செய்யும் என்று கொள்ளலாம். பசை சேர்க்காத பாலெனின் குளிர்பெட்டியில் ஓர் இரவு ஆடாமல் வைத்தால் மேலே கெட்டி ஏடு படியும். தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே உறையும் இயல்புடையது. மேலேட்டை முதற்பாலாகவும், அடியில் நிற்கும் நீர்ப்பாலை இரண்டாம் பாலாகவும் கொண்டு பழைய முறைப்படியே சமைக்கலாம். பசை சேர்த்ததெனின் எளிதிற் பிரியாது. அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் நீர் சேர்த்துக் காயை வேகவைத்து, எடுத்து வைத்ததை அடுப்பை அணைக்குமுன் ஊற்ற வேண்டும். திறந்ததும் பால் கட்டியும் நீருமாய் இருந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டா. அது குளிரால் வந்த பிரிவு. கரண்டியாற் கலக்கினால் சரியாகும்.

வாங்கும்போது விளிம்பில் நசுங்கிய டின்னையும் துருப்பிடித்ததையும் தள்ளுக. உப்பிய டின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டா. அதைச் சுவைத்துப் பார்ப்பதும் கூடாது. திறவாத டின்னை அடுப்பின் மேல்தட்டில் வைக்காமல் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திறந்த பின் மிஞ்சியதை டின்னிலேயே விட்டுவைக்கும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. அதைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுவோர் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது இரண்டு மூன்று கட்டிகளைக் கறியில் போடலாம். உருகும்போது சற்றுத் திரிந்து தோன்றும். கறிக்கு அது குறையன்று. பாயசத்துக்கு ஆகாது.

மணத்தைப் பற்றி மாமியார் சொல்வது மட்டும் உண்மை. 120 பாகைச் சூட்டை ஏற்ற பாலில் பச்சைத் தேங்காயின் மணம் இராது, வெந்த மணமே இருக்கும். இஞ்சியும் மசாலையும் சேர்ந்த கோழிக்கறியில் அவ்வேறுபாடு தெரியாது. ஆப்பத்துக்கு ஊற்றும் இனிப்புப் பாலில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஆகையால் எங்கள் வீட்டில் கறிக்கு டின், ஆப்பத்துக்குச் சந்தைக் காய் என்று முடிவாகியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் வரிசையில் நிற்கும் வேலை இப்போது என்னுடையது.